ஒண்ணும் செய்யலையே

எங்கள் கரிசல்காட்டுப் பக்கம் உணவுக்குழாய்ப் புற்றுநோயை யாரும் அந்தப் பெயரில் சொல்லி நான் கேட்டதில்லை. ‘அவருக்குச் சோறு இறங்கலையாம்’ என்பார்கள். கேட்பவர் அதற்குமேல் எதுவும் கேட்க மாட்டார். இன்னும் எத்தனை மாதம் என்கிற கணக்கு இரண்டு பேருக்கும் தெரியும். முதலில் பரோட்டா, கறித்துண்டு மாதிரி கெட்டியானவை நெஞ்சில் நிற்கும். தண்ணீரைக் குடித்துத் தள்ளுவார்கள். அப்புறம் இட்லி நிற்கும். அப்புறம் கஞ்சி. கடைசியில் எச்சில்கூட இறங்காமல், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவை வைத்துக்கொண்டு துப்பிக்கொண்டே இருப்பார்கள். என் தாத்தா அப்படித்தான் போனார். நான் அப்போது எட்டாம் வகுப்பு. புற்றுநோய் என்ற சொல்லை அவர் செத்து வெகுநாள் கழித்துத்தான் அம்மா சொன்னாள்.

இந்த நோய் ஏன் எப்போதும் கடைசி மாதங்களில் மட்டும் ஊருக்குத் தெரியவருகிறது என்பதற்கு உடற்கூறிலேயே விடை இருக்கிறது. உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தசைக்குழாய். சும்மா இருக்கும்போது சப்பையாக ஒட்டிக் கிடக்கும். கவளம் வந்தால் விரிந்து வழிவிடும். இந்த விரிகிற குணம்தான் வில்லங்கம். ஒரு பக்கச் சுவரில் கட்டி வளர்ந்தால் மறுபக்கச் சுவர் விரிந்து சமாளித்துக்கொள்ளும். வழி கிட்டத்தட்ட சுண்டுவிரல் பருமனுக்குச் சுருங்கிய பிறகுதான் கெட்டி உணவு நிற்கத் தொடங்கும். ‘சோறு இறங்கல’ என்று ஒருவர் சொல்கிற நாளில் கட்டி பெரும்பாலும் தசையைத் தாண்டியிருக்கும்.

இன்னும் இரண்டு சங்கடங்கள் உண்டு. வயிறு, குடல் எல்லாவற்றுக்கும் வெளியே போர்த்தினாற்போல ஒரு மெல்லிய உறை இருக்கிறது. உணவுக்குழாயின் பெரும்பகுதிக்கு அது கிடையாது. தசையைத் தாண்டினால் நேராக மூச்சுக்குழாய், பெருந்தமனி, இதயத்தின் உறை. அடுத்தது நிணநீர் நாளங்கள். பெருங்குடலில் அவை உள்சவ்வின் அடியில்தான் தொடங்குகின்றன. அதனால் அங்கே கட்டி உள்சவ்வுக்குள் இருக்கும்வரை பரவ வழியில்லை. உணவுக்குழாயில் அந்த நாளங்கள் உள்சவ்வுக்குள்ளேயே வந்து, குழாயின் நீளவாக்கில் மேலும் கீழுமாக ஓடுகின்றன. கட்டி கொஞ்சம் கீழே இறங்கினாலே கழுத்திலோ வயிற்றின் மேல்புறத்திலோ நெறி கட்ட வழி பிறந்துவிடுகிறது.

ஆக, இந்த நோயை வெல்ல வேண்டுமானால், நோயாளிக்கு ஒன்றும் தெரியாத காலத்தில், கட்டி என்று சொல்லவே முடியாத அளவில் இருக்கும்போது, யாராவது உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும். பெரியம்மா விஷயத்தில் அப்படி ஒருவர் பார்த்தார்.

*

பெரியம்மாவுக்கு எட்டு வருடங்களுக்கு முன் கன்னத்தில் புற்று. முப்பது வருடம் வெற்றிலையோடு போயிலை அதக்கிய அதே கன்னம். அறுவை சிகிச்சை, பிறகு கதிர்வீச்சு. வாய் முழுதாகத் திறக்காது, மூன்று விரல் போகிற இடத்தில் இரண்டு விரல்தான் போகும். மற்றபடி ஆள் தேறிவிட்டாள். பருத்தி எடுக்கப் போனாள், பேரனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றினாள், நூறு நாள் வேலையில் அட்டை போட்டாள். போயிலையை விட்டாள். வெற்றிலை பாக்கை விடவில்லை. ‘போயிலைதானே கெடுதல்’ என்பது அவள் கட்சி.

வருடாந்திரப் பரிசோதனைக்குச் சென்னை வந்தபோது புதிதாக வந்திருந்த ஒரு மருத்துவர், ‘இவங்களுக்கு உணவுக்குழாய ஒருதடவ பாத்துரலாம்’ என்றார். நான் சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். குடும்பத்தில் யாருக்கு ஸ்கேன் எடுத்தாலும் ரிப்போர்ட் எனக்கு வாட்ஸப்பில் வந்துவிடும், அர்த்தம் சொல்ல. அதனால் பெரியம்மாவுக்குத் துணை நான்தான். ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னது எனக்கு அதுவரை தெரியாத விஷயம்.

1953-ல் ஸ்லாட்டர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரும் அவருடைய சகாக்களும் வாய்ப்புற்று வந்த 783 பேரின் திசுக்களை ஆராய்ந்தார்கள். கட்டி ஒரு இடத்தில் இருந்தாலும், அதைச் சுற்றி நல்லதாகத் தெரிந்த தோலும் நுண்ணோக்கியில் மாறிப்போயிருந்தது. புகையிலை ஒரு செல்லை மட்டும் தேடிப்போய்த் தொடுவதில்லை, அது பட்ட பரப்பு முழுவதையும் பதம் பார்க்கிறது என்பது அவர்கள் முடிவு. வாயில் ஊறிய சாறு எங்கே போகும்? தொண்டை வழியாக உணவுக்குழாய்க்குத்தான். வாயிலும் தொண்டையிலும் புற்று வந்து பிழைத்தவர்களுக்கு உணவுக்குழாயில் இரண்டாவதாக ஒன்று முளைப்பது மருத்துவர்கள் எதிர்பார்க்கிற விஷயம்தான். பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது சட்டென்று புரிந்துகொண்டாள். ‘காட்டுல ஒரு மூலையில பூச்சி விழுந்தா மத்த மூலையையும் போய்ப் பாக்கணும்ல, அதுதானே’ என்றாள். ஆனாலும் எண்டோஸ்கோபி என்றதும், ‘எதுக்குய்யா? எனக்குத்தான் ஒண்ணும் செய்யலையே’ என்றாள்.

அந்த ‘ஒண்ணும் செய்யலையே’ இந்தச் சிகிச்சை முழுக்க எங்கள் கூடவே வந்தது. எங்கள் பக்கத்தில் உடம்பு ‘செய்தால்’தான் நோய். வலிக்க வேண்டும், காய வேண்டும், மூச்சு வாங்க வேண்டும். ஒன்றும் செய்யாத உடம்பைக் கொண்டுபோய் டாக்டரிடம் கொடுப்பது, ஓடுகிற மோட்டாரைக் கழற்றிப் போடுகிற மாதிரி.

*

மனிதனின் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் ஆசை பழையது. 1868-ல் ஜெர்மனியின் அடால்ஃப் குஸ்மால் அதை முதலில் செய்துகாட்டியபோது, ஒரு வாள் விழுங்கும் வித்தைக்காரரைப் பிடித்துவர வேண்டியிருந்தது. விறைப்பான உலோகக் குழாயை வேறு யாரால் விழுங்க முடியும்? குழாய் வளைய வேண்டும், வளைந்தாலும் வெளிச்சம் வந்து சேர வேண்டும். 1954-ல் லண்டனில் ஹெரால்ட் ஹாப்கின்ஸும் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படத்தை வளைத்துக் கொண்டுபோகலாம் என்று காட்டினார்கள். மூன்று வருடத்தில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் அமெரிக்காவில் அதை வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் கருவியாக்கினார். முதலில் விழுங்கியது அவரேதான். இன்றைய கருவியில் இழைக்குப் பதில் நுனியில் ஒரு சிறு கேமரா இருக்கிறது.

ஆனால் குழாய் உள்ளே போனால் மட்டும் போதாது. ஆரம்பநிலைப் புற்று கட்டியாக இருக்காது. கொஞ்சம் சிவந்த திட்டு, நாளங்களின் கோடு லேசாக மறைந்த ஒரு இடம், அவ்வளவுதான். அவசரமாக வெளியே வருகிற கண்ணுக்கு அது படாது. அதைக் காட்டிக்கொடுக்கும் உபாயம் ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது: அயோடின். பள்ளியில் உருளைக்கிழங்குத் துண்டில் அயோடின் விட்டுப் பார்த்திருப்போமே, ஏறக்குறைய அதே சோதனை. உணவுக்குழாயின் ஆரோக்கியமான மேல்செல்களில் கிளைகோஜன் சேமிப்பு இருக்கும். அயோடின் பட்டால் அது பழுப்பாகும். புற்றாக மாறத் தொடங்கிய செல்களில் அந்தச் சேமிப்பு இருக்காது, நிறம் ஏறாது. லுகால் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1829-ல் தயாரித்த அயோடின் கரைசல் இன்றைக்கும் இந்த வேலைக்குப் பயன்படுகிறது.

பெரியம்மாவின் படத்தை டாக்டர் திரையில் காட்டினார். தேக்கு நிறத்தில் பளபளக்கும் ஒரு சுரங்கம். பல்வரிசையிலிருந்து 29-ஆவது சென்டிமீட்டரில், சுவரில் ஒரு வெளிறிய திட்டு, கரையெல்லாம் வெட்டிவைத்தாற்போலத் தெளிவாக. நீளம் இரண்டரை சென்டிமீட்டர். சுற்றளவில் பாதியைத் தொடவில்லை. அதைத் தவிர அங்கங்கே மிளகு மிளகாகச் சாயம் ஏறாத சின்னப் புள்ளிகள். ‘புள்ளிமான் தோல் மாதிரி இருக்குல்ல? இந்த மாதிரி உணவுக்குழாய்லதான் திரும்பத் திரும்ப வரும்’ என்றார்.

பிறகு ஒளியை மாற்றி எடுத்த படம். வெள்ளை வெளிச்சத்துக்குப் பதில் 415, 540 நானோமீட்டரை ஒட்டிய இரண்டு பட்டைகளை மட்டும் அனுப்புவார்கள். இரத்தத்தின் ஹீமோகுளோபின் இந்த இரண்டையும் நன்றாக உறிஞ்சுவதால், மேலோட்டமான நுண்நாளங்கள் பழுப்பு நூல்களாக எழுந்து நிற்கும். பெரிதாக்கிப் பார்த்தால், ஆரோக்கியமான இடத்தில் ஒவ்வொன்றும் கொண்டை ஊசிபோலச் சிறு வளையம். புற்று இருக்கும் இடத்தில் அந்த வளையங்கள் தடித்து, முறுக்கி, ஒன்றுக்கொன்று மாதிரி இல்லாமல் கிடக்கும். புற்று ஆழமாக இறங்க இறங்க வளையம் என்கிற வடிவமே குலைந்து, நாளங்கள் நீண்டு பரக்கும். ஜப்பானின் ஹருஹிரோ இனூவே இந்த வளையங்களின் கோலத்தை வைத்து ஆழத்தைக் கணிக்கும் முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். வெட்டாமலேயே, இரத்தநாளத்தின் நெளிவைப் பார்த்து, எத்தனை மைக்ரான் கீழே போயிருக்கிறது என்று ஊகிப்பது! வேலையில் நாங்கள் லாக் வரிகளைப் பார்த்து உள்ளே நடப்பதை ஊகிப்பது இதன் பக்கத்தில் வராது.

பெரியம்மாவுக்கு மயக்கம் தெளிந்ததும் அவள் சொன்ன முதல் வாக்கியம்: ‘நெஞ்சுக்குள்ள வத்தப் பொடியத் தூவுன மாதிரி இருக்கு. இப்பத்தான் செய்யுது.’ அயோடின் எரிச்சல். அதை முறிக்கவும் ஒரு கரைசல் தெளித்திருந்தார்கள், ஆனாலும் சாயங்காலம்வரை எரிந்தது.

*

டாக்டர் ஃபைல் அட்டையின் பின்புறத்தில் பேனாவால் நான்கு கோடுகள் இழுத்தார். மேலே உள்சவ்வு. அதற்குள்ளேயே மூன்று படிகள்: மேல்செல் அடுக்கு, அதற்குக் கீழே இளகிய திசு, அதற்கும் கீழே முடிபோல மெல்லிய ஒரு தசைப்பட்டை. அந்தப் பட்டையைத் தாண்டினால் உள்சவ்வின் கீழடுக்கு, பஞ்சுபோல. அதற்குக் கீழே உண்மையான தசைச்சுவர். முதல் இரண்டு படிகளுக்குள் புற்று நின்றால் நெறிக்குப் பரவுவது அபூர்வம். மூன்றாவது படியைத் தொட்டால் சந்தேகம் தொடங்குகிறது. கீழடுக்கில் 200 மைக்ரானைத் தாண்டினால், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால், பரவியிருக்கும் வாய்ப்பு கடகடவென்று ஏறிவிடும். ‘இந்த நோட்டுத் தாள்ல ரெண்ட ஒண்ணா வச்சா வர்ற கனம்’ என்றார்.

ஒரு காலத்தில் எந்தப் படி என்றாலும் ஒரே வழிதான். மார்பையும் வயிற்றையும் திறந்து, உணவுக்குழாயை எடுத்துவிட்டு, வயிற்றைக் குழாயாகத் தைத்து மேலே இழுத்து இணைப்பது. மனித உடம்பில் செய்யப்படும் பெரிய அறுவைகளில் அது ஒன்று. இரண்டரை சென்டிமீட்டர் திட்டுக்கு அவ்வளவு பெரிய விலையா என்ற கேள்வியில்தான் எண்டோஸ்கோப் வழியாக அகற்றும் வேலை தொடங்கியது.

முதலில் வந்தது உறிஞ்சிச் சுருக்குப் போடும் முறை. திட்டுக்குக் கீழே உப்புநீரை ஏற்றி மேடாக்கி, கருவியின் நுனியில் மாட்டிய ஒளி ஊடுருவும் மூடிக்குள் அதை உறிஞ்சி, கம்பிச் சுருக்கால் அறுத்தெடுப்பது. உணவுக்குழாயில் இந்த மூடி முறையை 1990-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தவரும் இனூவேதான். விரைவான வேலை. ஆனால் மூடியின் அளவுக்குத்தான் ஒரு தடவைக்கு வரும். திட்டு பெரிதாக இருந்தால் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். துண்டுகளை மறுபடி சேர்த்து வைத்து, விளிம்பில் புற்று இருந்ததா, எவ்வளவு ஆழம் என்று சொல்வது நோயியல் நிபுணருக்குப் பெரும்பாடு. கிழிந்த பத்திரத்தில் எல்லை படிக்கிற கதை.

1990-களின் பிற்பகுதியில் ஜப்பானின் தேசியப் புற்றுநோய் மையத்தில் வேறொரு வழி பிறந்தது. சுருக்குக்குப் பதில் கத்தி. மின்சாரத்தில் அறுக்கும் ஊசிக்கத்தியின் நுனியில் ஒரு சின்னப் பீங்கான் குண்டு. பீங்கானில் மின்சாரம் பாயாது, அதனால் கத்தி பக்கவாட்டில் அறுக்கும், கீழே குத்தாது. திட்டைச் சுற்றி அறுத்து, பிறகு பஞ்சு அடுக்கின் ஊடாகவே போய், திட்டை முழுசாக ஒரே தோலாக உரித்தெடுக்கலாம். முதலில் வயிற்றில் செய்தார்கள். பிறகு வேறுவேறு வடிவக் கத்திகளோடு உணவுக்குழாய்க்கு வந்தது. இங்கே சுவர் மெல்லியது, இடம் குறுகல், பக்கத்தில் இதயம் துடிக்கத் துடிக்கச் சுவரும் சேர்ந்து ஆடும்.

எங்கள் டாக்டர் சில மாதங்கள் ஜப்பானில் இருந்து கற்றுவந்தவர். ‘அங்க ஆரம்பநிலை வயிற்றுப் புற்று நிறைய கண்டுபிடிப்பாங்க. அதுல கை பழகிட்டு உணவுக்குழாய்க்கு வருவாங்க. நமக்கு அந்த வசதி இல்ல. நான் ஊருக்கு வந்து பன்னி வயித்துலதான் பழகினேன்’ என்று சிரித்தார். அவர் அதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அண்ணனுக்கு, பெரியம்மாவின் ஒரே மகனுக்கு, கொஞ்சமும் பிடிக்கவில்லை.

*

முழு மயக்கம் கொடுத்துச் செய்தார்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஒளிப்பதிவை டாக்டர் பிறகு எனக்குக் காட்டினார்.

திட்டைச் சுற்றி முதலில் கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோலச் சூட்டுப் புள்ளிகள். பிறகு ஊசி. ஏற்றுகிற திரவத்தில் கொஞ்சம் நீலம் கலந்திருக்கிறார்கள். அவுரிச் சாயத்தின் வம்சத்தில் வந்த இண்டிகோ கார்மின். திட்டு மெதுவாக உப்புகிறது, பனியாரம் மாதிரி. அதன் ஓரத்தில் கத்தி ஓடுகிறது. கத்தியின் நீட்டம் 2 மில்லிமீட்டருக்குள். அறுபட்ட வாயில் நீலப் பஞ்சு தெரிகிறது. நீலம் தெரிகிற இடத்தில் அறுக்கலாம், வெள்ளையாகக் குறுக்குநார் தெரிந்தால் அது தசை, தொடக் கூடாது. தசையில் ஓட்டை விழுந்தால் காற்று மார்புக்குள் போகும். அதனால்தான் உள்ளே ஊதுவதற்குச் சாதாரணக் காற்றைத் தவிர்த்து, உடம்பு வேகமாக உறிஞ்சிக்கொள்ளும் கரியமில வாயுவைப் பயன்படுத்துகிறார்கள்.

பாதி வேலையில் அறுபட்ட தோல் தளர்ந்து கத்தியின் மேலேயே விழுந்து மறைக்கிறது. அப்போது ஒரு சின்னக் கிளிப்பைத் தோலின் நுனியில் மாட்டினார். கிளிப்பில் ஒரு நூல், நூலின் மறுமுனை வாய்க்கு வெளியே. நூலை மெல்ல இழுத்தால் தோல் தூக்கி நிற்கிறது, கீழே நீலம் விரிகிறது. அந்த நூல் என்ன என்று கேட்டேன். பல்லிடுக்கு சுத்தம் செய்கிற நூல், மருந்துக்கடையில் வாங்கியது. 2020-ல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், உணவுக்குழாயில் இந்த நூலால் மட்டும் ஒரு மணி நேர வேலை முக்கால் மணி நேரமாகக் குறைந்தது. கோடிக்கணக்கில் விலை போகிற கருவிகள் இருக்கும் அறையில் ஆட்டத்தை மாற்றியது ஒரு பல்நூல் என்பதை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஓரிடத்தில் இரத்தம் பீறிட்டுத் திரை முழுவதும் சிவப்பானது. ஒளிப்பதிவில் பார்த்தபோதே எனக்குக் கை சில்லிட்டது. நீர் பீய்ச்சி, இடத்தைத் தேடி, சிறு இடுக்கியால் பிடித்துச் சுட்டு நிறுத்தினார். அந்த நேரத்தில் நாங்கள் வெளியே பெஞ்சில் காபி குடித்துக்கொண்டிருந்திருப்போம்.

கடைசியில் எடுத்த தோலைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒரு தக்கையில் நான்கு புறமும் குண்டூசியால் இழுத்துக் குத்தி, எது மேல்புறம் எது கீழ்ப்புறம் என்று எழுதி. வாழைப்பூ மடல் அளவுகூட இல்லை. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘இவ்ளோதானா?’ என்றான்.

*

ஃபார்மலினில் ஊறிய அந்தத் தோலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ரிப்பன்களாக நறுக்கி, ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. பக்க விளிம்புகள் சுத்தம். அடி விளிம்பு சுத்தம். இரத்த நாளத்திலோ நிணநீர் நாளத்திலோ புற்றுச் செல் இல்லை. ஆழம்: மூன்றாவது படி. மெல்லிய தசைப்பட்டையைத் தொட்டிருக்கிறது, தாண்டவில்லை.

முதல் இரண்டு படிகளில் நின்றிருந்தால் டாக்டர் கைகொடுத்து அனுப்பியிருப்பார். கீழடுக்கில் ஆழமாக இறங்கியிருந்தால் அறுவை அல்லது மருந்தோடு சேர்ந்த கதிர்வீச்சு என்று சொல்லியிருப்பார். இது நடுவில். மூன்றாவது படிக்கு நெறிப் பரவல் சுமார் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும், நாளங்களில் புற்று இல்லையென்றால் அதைவிடக் குறைவு. ஸ்கேனில் நெறி எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒரு சில செல்கள் போய் உட்கார்ந்திருந்தால் ஸ்கேனுக்குத் தெரியாது.

அண்ணன் அறுவை செய்துவிடலாம் என்றான். ‘மிச்சம் வைக்கக் கூடாதுல்ல. நாளைக்கு நெறி கட்டுச்சுன்னா யாரு பதில் சொல்றது?’ அவன் கேள்வி என்னைப் பார்த்துத்தான். குடும்பத்தில் படித்தவன், எண்களோடு புழங்குபவன். ஆனால் 10 சதவீதம் என்பது நூறு பெரியம்மாக்களைப் பற்றிய செய்தி. எங்களிடம் இருந்தது ஒரு பெரியம்மா. அவளுக்கு நெறியில் இருக்கிறது, அல்லது இல்லை. இரண்டில் எது என்று சொல்லும் வரி அந்த ரிப்போர்ட்டில் கிடையாது. நான் அண்ணனிடம் சொன்னது ஒன்றுதான்: ‘பெரியம்மாகிட்ட சொல்லிக் கேப்போம்ணே.’

எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. தாத்தாவுக்குக் கடைசிவரை என்ன நோய் என்று சொல்லவில்லை. அண்ணன் அரை மனதோடுதான் ஒத்துக்கொண்டான். டாக்டர் அறையில் பெரியம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டாள். பிறகு அவள் கேள்விகள் வந்தன, பருத்திக்கு விலை பேசுகிற குரலில்.

‘அறுத்தா எத்தன பேரு பொழைக்க மாட்டாங்க டாக்டரு?’

‘நல்லா பழகின இடத்துல நூத்துக்கு ரெண்டு, மூணு பேர். மத்த எடத்துல கூட இருக்கும்.’

‘பொழைச்ச பெறகு சோறு திங்கலாமா?’

‘கொஞ்சங் கொஞ்சமா, ஆறேழு தடவையா சாப்பிடணும். நிமிர்ந்துதான் படுக்கணும். சிலபேருக்குப் போகப் போகச் சரியாயிரும்.’

‘அறுக்காம விட்டு, நெறி கட்டிருச்சுன்னா?’

‘அடிக்கடி ஸ்கேன் பாத்துக்கிட்டே இருப்போம். சீக்கிரம் தெரிஞ்சா அப்ப வைத்தியம் பண்ணலாம். பண்ணினா சரியாயிரும்னு உறுதி சொல்ல மாட்டேன்.’

பெரியம்மா கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தாள். ‘எங்கப்பா சோறு எறங்காமத்தான் செத்தாரு. எனக்கு எறங்குது. எறங்குற வரைக்கும் இந்தக் கொழாயே இருக்கட்டும். நான் தவறாம வந்து காட்டிருதேன்’ என்றாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, ‘நீ யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்ய்யா. நான் சொன்னதுன்னு எழுதிக் குடுத்துருதேன்’ என்றாள். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். அவன் அழுததை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

*

சுற்றளவில் முக்கால்வாசிக்கு மேல் உரித்தால் புண் ஆறும்போது தழும்பு இழுத்து வழி சுருங்கும். புற்றை எடுத்தும் சோறு இறங்காமல் போகிற கொடுமை அது. அதைத் தடுக்க ஸ்டீராய்டு ஊசி, மாத்திரை எல்லாம் உண்டு. பெரியம்மாவுக்குப் பாதிகூட இல்லாததால் அந்தத் தொல்லை வரவில்லை. கொஞ்ச நாள் கம்மங்கூழும் குழைந்த சோறும் சாப்பிட்டாள். அதற்கப்புறம் வழக்கம்போல.

வெற்றிலை பாக்குதான் கடைசிச் சண்டை. போயிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. நான் சொன்னபோது நம்பவில்லை, டாக்டர் அந்தப் புள்ளிமான் படத்தைத் திரும்பக் காட்டியபோது நம்பினாள். சுருக்குப்பையில் இப்போது பொரிகடலை வைத்திருக்கிறாள். ‘வாய் சும்மா இருக்கமாட்டேங்குதே’ என்று அதைக் கொறிக்கிறாள். இரண்டு வருடம் ஆகிறது. நெறி எதுவும் கட்டவில்லை. போன தடவை ஒரு சின்னப் புள்ளி கொஞ்சம் பெரிதாகியிருந்தது, எடுத்துப் பார்த்தார்கள், புற்று இல்லை.

இதைப் படித்துக்கொண்டே போனபோது சீனாவில் ஹெனான் மாகாணத்தின் லின்ஷியான் என்ற மலையடிவார வட்டாரத்தைப் பற்றித் தெரிந்துகொண்டேன். உலகிலேயே உணவுக்குழாய்ப் புற்று மிகுந்த இடங்களில் ஒன்று. அங்கும் மக்கள் இந்த நோய்க்குச் சோறு அடைக்கும் நோய் என்ற பொருளில்தான் பெயர் வைத்திருந்தார்கள். ஊர்க்கோழிகளுக்குக்கூடத் தொண்டைப்பகுதியில் புற்று வந்ததாம். எண்டோஸ்கோப் எளிதாகக் கிடைக்காத காலத்தில், வலை சுற்றிய சின்ன பலூனை ஊர்க்காரர்களை விழுங்கவைத்து, ஊதி, மெல்ல இழுத்து, ஒட்டிவந்த செல்களைப் பார்த்தார்கள். பிறகு அதே மாதிரி நோய் மிகுந்த ஹெபெய் மாகாணத்தின் ஸிஷியான் வட்டாரத்தில் சில கிராமங்களில் ஒரே ஒரு தடவை அயோடின் தெளித்து எண்டோஸ்கோபி பார்த்து, கண்டதை அகற்றிவிட்டு, பத்து வருடம் கவனித்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. பார்க்காத கிராமங்களில் இந்த நோயால் இறந்தவர்கள் 5.05 சதவீதம், பார்த்த கிராமங்களில் 3.35 சதவீதம். ஒருதடவை பார்த்ததற்கே இந்த வித்தியாசம்.

நம் ஊரில் எல்லாருக்கும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியதில்லை, முடியவும் முடியாது. ஆனால் வாய்ப்புற்றுக்குச் சிகிச்சை எடுத்துப் பிழைத்தவர்களின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் ஏற்கெனவே ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் பதிவேட்டிலும் இருக்கிறது. வருடா வருடம் அவர்கள் வந்து வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போகிறார்கள். இன்னும் ஒரு இருபது நிமிடமும், கொஞ்சம் அயோடினும், அவசரப்படாத ஒரு கண்ணும் போதும். பெரியம்மா விஷயத்தில் அது கிடைத்தது ஒரு டாக்டருக்குத் தோன்றியதால். தோன்றாதவரிடம் அவள் போயிருந்தால், இந்நேரம் அந்தத் திட்டு எங்கே இருந்திருக்கும் என்பதை நான் யோசித்துப் பார்ப்பதில்லை, எனக்குத் தெரியும்.

பெரியம்மா இப்போது ஊரில் இதற்கு ஒரு ஏஜென்ட் மாதிரி ஆகிவிட்டாள். தெற்குத்தெருவில் நாக்கில் ஆபரேஷன் செய்த ஒருவரை நச்சரித்து, என் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். அவர் போன வாரம் அழைத்தார். ‘தம்பி, எனக்கு ஒண்ணும் செய்யலையே, எதுக்கு வரணும்?’ என்று கேட்டார். பெரியம்மாவின் அடுத்த தேதி ஆவணியில் வருகிறது, அவளோடு சேர்ந்தே வரச் சொல்லியிருக்கிறேன். முகூர்த்த நாளாகப் பார்த்துப் போட்டுவிடாதே, அன்றைக்கு பஸ்ஸில் இடம் கிடைக்காது என்று பெரியம்மா நேற்று சொன்னாள்.